பழைய லைசென்ஸ் புது விண்டோஸுக்குக் கூடவே வருமா?

மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு



மலர்க் குழு அண்ணன் என்னிடம், "கவிதை நிறைய வந்திருச்சு, நீ பாடக் கட்டுரை ஒண்ணு எழுதிக் குடு" என்றார். நெட்வொர்க்கிங் எழுதலாமா, டேட்டாபேஸ் எழுதலாமா என்று யோசித்தேன். அதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒரு விஷயத்தால் பிராஜெக்ட் ரிவ்யூ அன்று எனக்கு மானம் போனது. அதையே எழுதிவிடுகிறேன்.

2025 ஜூன் இரண்டாவது வாரம் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்த பணம். அடிப்பக்கத்தில் "விண்டோஸ் 7 ஹோம் பேசிக்" என்று ஒரு பழைய ஸ்டிக்கர் இருந்தது. கடைக்காரர், "அது பழசு தம்பி. நான் புது எஸ்.எஸ்.டி. மாட்டி, விண்டோஸ் 10 ப்ரோ ஏத்திட்டேன். எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லி அதற்குத் தனியாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஹோம் பேசிக்கை விட ப்ரோ பெரியதுதானே, நல்லதுதானே என்று நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் முதல் ரிவ்யூ. புரொஜெக்டரில் என் லேப்டாப்பை மாட்டினேன். திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று சாம்பல் நிறத்தில் எழுத்து. ஸ்லைடு மாற்றினாலும் போகவில்லை. சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, திருட்டு விண்டோஸா?" என்றார். வகுப்பே சிரித்தது. காசு கொடுத்து வாங்கினேன் சார் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

கடைக்குப் போனால், "டைம் முடிஞ்சிருச்சு. 800 ரூபா குடு, திரும்ப ஏத்தித் தர்றேன்" என்கிறார். ஒரிஜினலுக்கு ஏது டைம்? 800 ரூபாயும் என்னிடம் இல்லை. திரும்பி வந்து, லேப் அசிஸ்டென்ட் அண்ணன் உதவியோடு இரண்டு வாரம் உட்கார்ந்து இதைத் தோண்டினேன். தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

லைசென்ஸ் எங்கே இருக்கிறது?

நம்மில் பலர் லைசென்ஸ் என்றால் சி.டி. என்று நினைக்கிறோம். சிலர் 25 எழுத்து ப்ராடக்ட் கீ என்று நினைக்கிறோம். இரண்டும் இல்லை. சி.டி. வெறும் பிரதி. விண்டோஸ் 10-ஐ யார் வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கீ என்பது உரிமை இருக்கிறது என்று காட்டும் ஒரு அடையாளம், அவ்வளவுதான். லைசென்ஸ் என்பது உரிமை. அந்த உரிமை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். மூன்று விதமாகக் கட்டுகிறார்கள்.

முதலாவது ஓ.இ.எம். லைசென்ஸ். கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனியே ஏற்றி விற்பது. இது மெஷினோடு கட்டப்பட்டது. வீட்டு ஈ.பி. கனெக்ஷன் மாதிரி. வீட்டை விற்றால் கனெக்ஷன் வீட்டோடு போகும், நாம் கழற்றிக்கொண்டு போய் வேறு வீட்டில் மாட்ட முடியாது. மெஷின் கைமாறினால் லைசென்ஸும் அதோடு கைமாறும். அதற்குச் சாட்சிதான் அடிப்பக்க ஸ்டிக்கர். ஹார்டு டிஸ்க், ராம் மாற்றினால் பரவாயில்லை. மதர்போர்டு மாறினால் அது வேறு மெஷின் என்றே கணக்கு. (பழுதான போர்டுக்குப் பதிலாகத் தயாரிப்பாளரே மாற்றிக் கொடுப்பது மட்டும் விதிவிலக்கு.)

இரண்டாவது ரீடெயில். கடையில் பெட்டியாகவோ, ஆன்லைனிலோ தனியாக வாங்குவது. இது கேஸ் கனெக்ஷன் மாதிரி. ஊர் மாறினால் மாற்றி எடுத்துப் போகலாம். பழைய மெஷினிலிருந்து எடுத்துவிட்டுப் புது மெஷினில் போடலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு மெஷினில்தான்.

மூன்றாவது வால்யூம் லைசென்ஸ். கம்பெனி, காலேஜ் போன்ற இடங்கள் மொத்தமாக வாங்குவது. இது குவார்ட்டர்ஸ் வீடு மாதிரி. வேலையில் இருக்கும்வரை குடியிருக்கலாம், வேலையை விட்டால் காலி செய்ய வேண்டும். நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ் முழு லைசென்ஸ் கிடையாது, அது அப்கிரேடு மட்டும்தான். மெஷின் வாங்கும்போதே அதற்கென்று ஒரு அடிப்படை விண்டோஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும், அதன் மேல்தான் இது நிற்கும். ஒன்றுமே இல்லாத வெறும் அசெம்பிள்டு பி.சி.யில் வால்யூம் லைசென்ஸை மட்டும் போட்டால் கணக்குப்படி அது செல்லாது.

அப்கிரேடு செய்தால் என்ன ஆகிறது?

2017-ல் நம் தமிழ்நாட்டில் பழைய ரேஷன் புத்தகத்தை மாற்றி ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள் இல்லையா? அரிசி கார்டு வைத்திருந்தவருக்கு அரிசி கார்டுதான் வந்தது. சர்க்கரை கார்டுக்காரருக்கு ஸ்மார்ட் கார்டு வந்ததாலேயே அரிசி கிடைத்துவிடவில்லை. புது கார்டு வந்தபின் பழைய புத்தகத்தைத் தம்பி குடும்பத்துக்குக் கொடுத்து அதில் தனியாகப் பொருள் வாங்கவும் முடியாது.

விண்டோஸ் அப்கிரேடும் அச்சு அசல் இதுதான். வகை மாறாது. பழைய லைசென்ஸ் புதியதற்குள் கரைந்துவிடும். விண்டோஸ் 7 ஒப்பந்தத்திலேயே, அப்கிரேடு செய்தால் பழைய ஒப்பந்தத்தின் இடத்தைப் புதிய ஒப்பந்தம் எடுத்துக்கொள்ளும் என்று இருக்கிறது. அதனால் 7-ஐ 10 ஆக்கிவிட்டு, அந்த 7 கீ இப்போது சும்மாதானே கிடக்கிறது என்று அண்ணனின் கம்ப்யூட்டரில் போடுவது தப்பு. அது சும்மா கிடக்கவில்லை. 10 நிற்பதே அதன் தோளில்தான்.

வகை என்று சொன்னேனே, அதை 7-லிருந்து 10-க்குப் போகும் கணக்கில் பாருங்கள். ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் மூன்றும் 10 ஹோம் ஆகும். புரொஃபஷனலும் அல்டிமேட்டும் 10 ப்ரோ ஆகும். என்டர்பிரைஸுக்கு இலவச அப்கிரேடே கிடையாது. (இந்த ஹோம் பேசிக் என்பது இந்தியா போன்ற நாடுகளுக்கென்றே விட்ட சிக்கன வகை. அமெரிக்காவில் அதைக் கடையில் விற்கவில்லை. பாவப்பட்டவர்களுக்கு மட்டும் கண்ணாடி போலப் பளபளக்கும் அந்த ஜன்னல் ஓரங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் போல.)

இப்போது என் லேப்டாப்புக்கு வாருங்கள். ஸ்டிக்கர் சொல்வது ஹோம் பேசிக். அது நியாயமாக அப்கிரேடு ஆனால் என்னவாக வேண்டும்? 10 ஹோம். ஆனால் கடைக்காரர் ஏற்றியது ப்ரோ. அரிசி கார்டு வீட்டில் வேறு யாருடைய கார்டோ இருக்கிற மாதிரி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நிரூபிப்பது எப்படி மாறி வந்தது

இந்த "பழையது இருந்தால்தான் அப்கிரேடு" என்ற விதி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அதை மெஷினுக்கு நிரூபிக்கும் விதம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வந்தபோது அப்கிரேடு பிரதி குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதை ஏற்றும்போது டிஸ்கில் பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால், பழைய விண்டோஸின் டிஸ்கைப் போட்டுக் காட்டு என்று கேட்கும். காட்டினால் போதும். கண்டக்டரிடம் பாஸைத் தூக்கிக் காட்டுவது மாதிரி. அது யாருடைய பாஸ் என்று பார்க்க மாட்டார்.

2001 அக்டோபர் 25-ல் வந்த எக்ஸ்.பி.யில்தான் ஆக்டிவேஷன் என்ற விஷயம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. 30 நாளுக்குள் இன்டர்நெட்டிலோ டெலிபோனிலோ ஆக்டிவேட் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரின் பத்து வகைப் பாகங்களை, அதாவது டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க், பிராசஸர், ராம் என்று எடுத்து, அதிலிருந்து ஒரு எண் உருவாக்கும். பாஸில் போட்டோ ஒட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பாகம் மாறினால் தாடி வளர்த்த மாதிரி, ஏற்றுக்கொள்ளும். நிறைய மாறினால் ஆளே வேறு என்று சொல்லிவிடும்.

விஸ்டா அப்கிரேடு பிரதியோ, பழைய டிஸ்கைக் காட்டினால் பத்தாது, பழைய விண்டோஸ் உள்ளே ஏறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றது. இதனால் ஹார்டு டிஸ்க் கெட்டுப் போனவர்கள் பட்ட கஷ்டம் தனி. முதலில் பழையதை ஏற்று, அதன் மேல் புதியதை ஏற்று என்று இரட்டை வேலை.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்ததும் ஸ்டிக்கரில் இருந்த கீ காணாமல் போனது. கீயை மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்ட லேப்டாப்பில் விண்டோஸை மறுபடி ஏற்றினால் ஹோமா, ப்ரோவா என்று கேட்காது. பயாஸில் இருக்கும் கீயைத் தானே படித்து, அந்த வகையை எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப் 2013-க்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்டது என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்டிக்கர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10. இங்குதான் பெரிய மாற்றம். 7, 8.1 ஒரிஜினல் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம், 2016 ஜூலை 29 வரை இலவச அப்கிரேடு என்று அறிவித்தார்கள். அப்படி அப்கிரேடு ஆன மெஷின்களுக்குப் புதுக் கீ எதுவும் தரவில்லை. அதற்குப் பதில் மெஷினின் ஹார்டுவேர் அடையாளத்தையும், "இதற்கு ஹோம் உண்டு" அல்லது "ப்ரோ உண்டு" என்பதையும் தங்கள் சர்வரில் பதிந்துகொண்டார்கள். இதற்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்ட மாதிரி. கையில் காகிதம் இல்லாவிட்டாலும் பதிவேட்டில் இருக்கிறது.

அந்த ஒரு வருடம் முடிந்த பின்னும் பழைய 7, 8 கீகளை ஆக்டிவேஷன் சர்வர் பல வருடம் ஏற்றுக்கொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில்தான் அந்த வழியை மூடிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதனால் இன்று உங்களிடம் 7 ஸ்டிக்கர் இருக்கிறது, ஆனால் அந்த மெஷின் ஒரு தடவைகூட 10-க்கு மாறியதில்லை என்றால், அந்தக் கீயை வைத்து 10-ஐப் புதிதாக ஆக்டிவேட் செய்யலாம் என்று நம்ப முடியாது. ஆனால் முன்பே மாறிப் பதிவாகிவிட்ட மெஷினுக்குப் பதிவு அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. திருட்டுப் பிரதியின் மேல் அப்கிரேடு செய்தால் அது ஒரிஜினல் ஆகிவிடும் என்று நம் ஹாஸ்டலில் இன்னும் சிலர் சொல்கிறார்கள். ஆகாது. 2015-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மூலப் பத்திரம் போலி என்றால் அதிலிருந்து எழுதிய கிரயமும் போலிதான்.

என் லேப்டாப்பில் என்ன நடந்தது

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் டி.எல்.ஐ. என்று போடச் சொன்னார். ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் ஓ.இ.எம்., ரீடெயில், வால்யூம் என்று மூன்றில் எந்த வழி என்பது தெரியும். எனக்கு வந்தது வால்யூம், அதோடு கே.எம்.எஸ். கிளையன்ட் என்றும் இருந்தது. அண்ணன் சிரித்தார். "நீ எந்தக் கம்பெனியிலடா வேலை பாக்குற?"

கே.எம்.எஸ். என்பது வால்யூம் லைசென்ஸின் ஒரு முறை. ஒரு நிறுவனம் தன் நெட்வொர்க்கிலேயே ஒரு ஆக்டிவேஷன் சர்வர் வைத்துக்கொள்ளும். குறைந்தது 25 கம்ப்யூட்டர் வந்து கேட்டால்தான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 180 நாள் அனுமதி. வாரம் ஒருமுறை சர்வரைத் தொட்டு, அந்த 180-ஐத் திரும்ப முதலிலிருந்து எண்ண வைத்துக்கொள்ளும். நிறுவனத்தை விட்டு வெளியே போன மெஷின் 180 நாளில் தானாக அனுமதி இழக்கும். நல்ல ஏற்பாடு.

கடைக்காரர் போட்டது இதற்கென்று ஒரு போலி சர்வர் புரோகிராம். மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு "நான்தான் கம்பெனி சர்வர்" என்று சொல்லும். விண்டோஸ் டிஃபெண்டர் ஒரு நாள் அதைப் பிடித்து அழித்திருக்கிறது. அதன்பின் புதுப்பிக்க ஆள் இல்லை. ஜூன் இரண்டாவது வாரம் முதல் டிசம்பர் இரண்டாவது வாரம் வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக 180 நாள். "டைம் முடிஞ்சிருச்சு" என்று அவர் சொன்னது அவரை அறியாமல் சொன்ன உண்மை.

அடுத்து அண்ணன் கேட்ட கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. "ஸ்டிக்கர் ஹோம் பேசிக்னு இருக்குல்ல. முன்னாடி வச்சிருந்தவர் இலவச அப்கிரேடு பண்ணியிருந்தா, ஹோம் லைசென்ஸ் இந்த மெஷின் பேர்ல இருக்கணுமே. ஹோம் போட்டுப் பாத்தியா?"

ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க முடியாது. முழுதாக அழித்துத்தான் ஏற்ற வேண்டும். பிராஜெக்ட் ஃபைல்களை வெளியே காப்பி எடுத்தேன். 8 ஜி.பி. பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ இறக்கினோம். ஏற்றும்போது கீ கேட்ட இடத்தில் "என்னிடம் கீ இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தோம். எந்த வகை என்று கேட்டது (7 காலத்து மெஷின், பயாஸில் கீ இல்லை, அதனால் கேட்கும்). ஹோம் என்று கொடுத்தோம். ஏற்றி முடித்து லேப் வைஃபையில் இணைத்தோம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தது.

ஒரு ரூபாய் செலவில்லை. கீயும் அடிக்கவில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டியிருந்தும் மதர்போர்டு அதேதான் என்பதால் பதிவேடு அடையாளம் கண்டுகொண்டது.

அந்த முதல் சொந்தக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் எப்போதோ ஒரு நாள் அந்த அப்கிரேடு பட்டனை அழுத்தியிருக்கிறார். அவருடைய உரிமை மெஷினோடு சேர்ந்து என்னிடம் வந்திருக்கிறது. நான் முறையாக வாங்கிய பொருளுக்குள்ளேயே முறையான லைசென்ஸ் இருந்தது. அதை மூடி மறைத்துவிட்டு, அதன் மேல் போலி ஒன்றைப் போட 500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் இதில்தான். அவருக்கும் தெரியாமல்தான் செய்தாரோ என்னவோ, எல்லா மெஷினுக்கும் ஒரே பென் டிரைவ்.

மற்ற சாஃப்ட்வேர்களின் கதை

ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போது மேலே இருக்கும் சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் என்னாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அழிக்காமல் மேலேயே அப்கிரேடு செய்தால் பெரும்பாலானவை அப்படியே இருக்கும். முழுதாக அழித்து ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

டேலியில் "சரண்டர் லைசென்ஸ்" என்று ஒரு வசதி உண்டு. ஃபார்மட் செய்வதற்கு முன் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டு, பின்பு திரும்ப ஆக்டிவேட் செய்ய வேண்டும். பார்ட் டைமாக ஏதாவது கடையில் கணக்கு எழுதப் போகிறவர்கள், முதலாளி கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யுமுன் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆபீஸ் சாஃப்ட்வேரில் 2013-லிருந்து வந்தவை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு சேர்ந்தவை. அந்த அக்கவுண்ட் யாருடையது என்பதுதான் கேள்வி. கடைக்காரரின் அக்கவுண்ட்டில் போட்டிருந்தால் ஆபீஸும் அவருடையதுதான்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு: ஆட்டோகேடை 2016 ஜனவரி 31 வரைதான் ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வாங்க முடிந்தது. அதன்பின் புதிதாக வாங்குபவர்களுக்கு எல்லாம் சந்தாதான். நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஒரு வருட இலவச லைசென்ஸ் உண்டு, படிப்பவர் என்று நிரூபித்து வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அது நம் பேரில் இருப்பதால் மெஷின் மாறினாலும், விண்டோஸ் மாறினாலும் கவலையில்லை. லாகின் செய்தால் போதும்.

லைசென்ஸ் இருக்கும், ஆனால் ஓடாது என்ற வகையும் உண்டு. நம் எல்லோருக்கும் பழகிய நீலத்திரை டர்போ சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அது 16-பிட் புரோகிராம். 64-பிட் விண்டோஸில் 16-பிட் ஓடாது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. 1990-களில் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டர்போ சி பெட்டி யாரிடமாவது இருந்தால் அவருக்கு உரிமை இன்றும் இருக்கிறது. ஆனால் ஓட்டுவதற்கு டாஸ்பாக்ஸ் மாதிரி ஒன்றின் உதவி வேண்டும். உரிமை வேறு, ஓடுவது வேறு. அதே மாதிரி, 7 ஹோம் பிரீமியத்தில் டி.வி. பார்க்கும் மீடியா சென்டர் இருந்தது. 10-க்கு மாறினால் அது எடுக்கப்பட்டுவிடும். அப்கிரேடு என்றால் எல்லாம் கூடும் என்று அர்த்தமில்லை.

10-லிருந்து 11-க்கு

2021 அக்டோபர் 5-ல் வந்த விண்டோஸ் 11-க்கும் இதே ரேஷன் கார்டு விதிதான். 10 ஹோம் 11 ஹோம் ஆகும், ப்ரோ ப்ரோ ஆகும், காசு கிடையாது, அதே டிஜிட்டல் லைசென்ஸ். பிடிக்கவில்லையென்றால் 10 நாளைக்குள் திரும்பி வரலாம்.

ஆனால் இந்தத் தடவை கதவு வேறு இடத்தில் சாத்தியிருக்கிறது. லைசென்ஸ் இருந்தும் ஹார்டுவேர் பத்தாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. டிஸ்க் வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் உண்டு. என்னுடையது மூன்றாம் தலைமுறை. 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்ததால் லைசென்ஸ் காலாவதி ஆகாது, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் ஓடும், ஆக்டிவேட் ஆகியே இருக்கும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது.

அந்த அப்டேட்டையும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு திட்டம் கொடுத்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசில்லாமலே சேரலாம். 22-எச்-2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். நான் அப்படித்தான் சேர்ந்தேன். அக்கவுண்ட்டில் சேர்ந்ததில் இன்னொரு லாபம், டிஜிட்டல் லைசென்ஸும் அதோடு இணைந்துவிட்டது. ஹார்டுவேர் மாறும்போது "சமீபத்தில் பாகம் மாற்றினேன்" என்று சொல்லித் திரும்ப ஆக்டிவேட் செய்யக் கேட்க இந்த இணைப்பு வேண்டும். (ஓ.இ.எம். லைசென்ஸில் மதர்போர்டு மாறினால் அதுவும் உதவாது என்பதை மறந்துவிட வேண்டாம்.)

அதற்குப் பிறகு? மீதி இடத்தில் லினக்ஸ் ஏற்றி வைத்திருக்கிறேன். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பார்த்தேன், உபுண்டுவையும் பார்த்தேன். அங்கே இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஜி.பி.எல். என்ற லைசென்ஸ்படி எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், பிரதி எடுத்து நண்பனுக்குக் கொடுக்கலாம், புதுப் பதிப்புக்கும் அதே உரிமைதான். எதோடும் கட்டப்படவில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகும் ஜூனியர்களுக்கு

அடுத்த ஜூனில் உங்களில் பலர் லேப்டாப் வாங்கப் போவீர்கள். அதிகம் கிடைப்பது கம்பெனிகள் கழித்துக் கட்டியவைதான். அந்தக் கம்பெனியின் வால்யூம் லைசென்ஸ் உங்களோடு வராது. ஆனால் அந்த மெஷின் முதலில் விற்கப்பட்டபோது அதோடு வந்த ஓ.இ.எம். லைசென்ஸ் வரும். கடையிலேயே ஆன் செய்து, செல்போன் ஹாட்ஸ்பாட் கொடுத்து, நான் மேலே சொன்ன கமாண்டை அடித்துப் பாருங்கள். ஓ.இ.எம். என்று வந்தால் நல்லது. வால்யூம் என்று வந்தால் கையை எடுக்காதீர்கள், மெஷின் நல்லதாகவே இருக்கலாம். ஸ்டிக்கரைப் பாருங்கள், "பயாஸ் கீ என்ன வகைண்ணே?" என்று கேளுங்கள், அந்த வகையையே ஏற்றித் தரச் சொல்லுங்கள். ப்ரோதான் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஹோமில் இல்லாத எதையும் நம் சிலபஸில் நான் இதுவரை பார்க்கவில்லை.

அதே கமாண்டில் டி.எல்.ஐ. இடத்தில் எக்ஸ்.பி.ஆர். என்று போட்டால், நிரந்தரமா அல்லது எந்தத் தேதியோடு முடிகிறது என்று சொல்லிவிடும். கடைக்காரர் "எல்லாம் ஒரிஜினல்" என்னும்போது திரையில் ஒரு தேதி நின்றால், அவர் கேட்கும் அந்த 500-ஐக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது ரிவ்யூவில் அதே சார், அதே புரொஜெக்டர். மூலையைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றும் இல்லை. "வாங்கிட்டியா?" என்றார். "முன்னாடியே இருந்துச்சு சார்" என்றேன். எப்படி என்று கேட்டார், பிராஜெக்ட்டை விட இதைச் சொல்லத்தான் நேரம் அதிகமானது. அடிப்பக்க ஸ்டிக்கர் தேய்ந்து கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.